ரயிலில் சொந்தச் சரக்கு கொண்டு போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறையில் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகு, குரலைத் தாழ்த்தி, ரயிலில் மது பாட்டில் கொண்டு போகலாமா என்ற சந்தேகத்தைக் கேட்பவர்கள் நிறைய. சூரத்துக்கு வேலைக்குத் திரும்பும் பையன்கள், கல்யாணத்துக்குக் கூட்டமாகப் போகிறவர்கள், அப்பாவைக் காசிக்கு அழைத்துப் போகும் மகன் என்று பலதரப்பட்ட ஆட்கள். பெண்கள் கேட்பது வேறு: பக்கத்து சீட்டில் ஒருவன் குடித்தால் நாங்கள் என்ன செய்வது? இரண்டு தரப்புக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, ரயில்ல பாட்டில் எடுத்துட்டுப் போகலாமா கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்றால், வேண்டாம்.

காரணம் கேட்டால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1989-ஆம் வருடத்து ரயில்வே சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதில் மூடி திறக்காத மது பாட்டிலைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு கிடையாது. குடித்திருக்கும் ஆளைப் பற்றித்தான் 145-ஆவது பிரிவு பேசுகிறது. ஆனால் ஆபத்தான பொருள்களைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றினால் தண்டனை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பிராந்தி, விஸ்கியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால்; நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். போதாததற்கு, ரயில் எந்த மாநிலத்துக்குள் ஓடுகிறதோ அந்த மாநிலத்தின் மதுச் சட்டமும் உங்கள் பையோடு கூடவே வருகிறது. சோதனை போடுகிறவர் கேட்கும்போது, "இது அனுமதிக்கப்பட்டது" என்று எடுத்துக் காட்ட உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

சீல் உடைக்காம பைக்குள்ளேயே கிடந்தா யாருக்கு என்ன?

பெரும்பாலும் யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அதை மறைத்து உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பெரிய ஸ்டேஷன்களில் ஸ்கேனர் இருக்கிறது. வேளாங்கண்ணித் திருவிழா, தீபாவளி சமயங்களில் ரயில்வே பாதுகாப்புப் படை பெட்டி பெட்டியாக வரும்.

தமிழ்நாட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு பெர்மிட் இல்லாமல் ஒருவர் வைத்திருக்க விதிகளில் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. பிராந்தி, விஸ்கி வகை என்றால் 4.5 லிட்டர், பீர் என்றால் 7.8 லிட்டர். ஆளுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். டாஸ்மாக்கில் வாங்கிய ஒரு பாட்டில், சீல் உடையாமல், பில்லோடு இருந்தால் மாநிலச் சட்டத்தின் பக்கம் உங்களுக்குப் பேச இடம் உண்டு. ரயில்வே தரப்பில் "இறக்கு" என்று சொன்னால் அங்கே பேச இடம் குறைவு.

இன்னொன்று, கண்ணாடி. கீழ் சீட்டுக்கு அடியில் தள்ளிய பை இரவெல்லாம் ஆட்டத்தில் நகரும். பாட்டில் உடைந்தால் காலையில் செருப்பைத் தேடிக் காலை நீட்டும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

நாங்க சத்தம் போட மாட்டோம். ரெண்டு ரவுண்டு போட்டுட்டுப் பேசாம படுத்துடுவோம். அதுவுமா தப்பு?

ஆமாம். 145-ஆவது பிரிவை நிறையப் பேர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். கலாட்டா செய்தால்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள். அதில் போதையில் இருப்பது தனிக் குற்றம். அடுத்தவருக்குத் தொந்தரவு, ஆபாசப் பேச்சு எல்லாம் அதற்கடுத்துத் தனியாக வருகின்றன. போதையில் இருந்தாலே ரயில்வே ஊழியர் உங்களை இறக்கிவிடலாம், டிக்கெட் பறிபோகும், 6 மாதம் வரை சிறையும் 500 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இரண்டாம் முறை மாட்டினால், சிறப்புக் காரணம் இல்லாதவரை, குறைந்தபட்சமே ஒரு மாதச் சிறையும் 250 ரூபாய் அபராதமும்.

சட்டத்தை விடுங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு பகுதிக்குப் பக்கவாட்டு சீட்டையும் சேர்த்து எட்டுப் பேர். எதிர் சீட்டில் கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கு உங்கள் நல்ல குணம் தெரியாது. மூடி திறக்கும் சத்தமும் வாடையும்தான் தெரியும். நீங்கள் பேசாமல் படுத்துத் தூங்கிவிடுவீர்கள். சென்னை வரும்வரை கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பது அவர்தான். எழுந்து வேறு இடம் போகவும் அவருக்கு வழியில்லை, அந்த பெர்த் மட்டும்தான் அவருடையது. நான் "வேண்டாம்" என்று முதலிலேயே சொன்னதற்கு என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் இதுதான்.

செவன்அப் பாட்டில்ல கலந்து வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப்போவுது?

எல்லோருக்கும் தெரியும். இரண்டு லிட்டர் பாட்டில், பாதிதான் இருக்கும், நிறம் லேசாக மாறியிருக்கும், அதை மூன்று பேர் பேப்பர் கப்பில் மாற்றி மாற்றி ஊற்றிக்கொள்வார்கள், நடுவில் வறுத்த கடலைப் பொட்டலம். டிடிஆர் இதைத் தினமும் பார்க்கிறார். தவிர, பாட்டில் மாற்றிய சரக்குக்கு சீலும் இல்லை, லேபிளும் இல்லை. முந்தின பதிலுக்கு முந்தினதில் சொன்ன அந்தக் கொஞ்சப் பாதுகாப்பும் இதில் போய்விடுகிறது.

அப்புறம், முகம் தெரியாதவர் இப்படி ஊற்றிக் கொடுப்பதை வாங்கிக் குடிக்காதீர்கள். மயக்க மருந்து கலந்து பையைத் தூக்கிப் போகும் ஆட்கள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது ஊற்றுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பிளாட்பாரத்துலயே முடிச்சுட்டு ஏறிட்டா பிரச்னை இல்லையே?

145-ஆவது பிரிவு ரயில் பெட்டிக்கு மட்டும் உரியதல்ல. பிளாட்பாரம், வெயிட்டிங் ஹால், ஓய்வறை எல்லாமே ரயில்வே இடம். டாஸ்மாக் இரவு 10 மணிக்கு மூடுகிறது. நம் பக்கத்து இரவு ரயில்களுக்கு வருகிறவர்கள் அதற்கு முன்னால் அவசரமாக ஊற்றிக்கொண்டு ஓடி வருவது சகஜம். யாரும் ஊதச் சொல்ல மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் நகர ஆரம்பித்த ரயிலில், ஒரு கையில் பையோடு, தடுமாறும் காலோடு ஏறுவதைவிட ஆபத்தானது வேறில்லை. ஏறின பிறகு காற்று வாங்கக் கதவோரம் போய் நிற்பார்கள். அது அதைவிட மோசம். அதற்கு அடுத்த பதிலையும் படியுங்கள்.

அபராதம் 500 ரூபாய்தானே? கட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

500 ரூபாய் சிறிய தொகைதான். இறக்கிவிடப்படும் இடம் நடுராத்திரி விழுப்புரமாக இருக்கலாம். டிக்கெட் போய்விட்டதால் மீதிப் பயணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். போலீஸ் வேலைக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது வழக்கு விவரம் கேட்பார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் விசாரணையிலும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகக் காத்திருக்கும் நம் ஊர்ப் பையன்கள் இதை யோசிப்பதே இல்லை.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதை யாருமே கேட்டதில்லை. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து பயணி இறந்தால் குடும்பத்துக்கு ரயில்வே தரும் இழப்பீடு 8 லட்சம் ரூபாய். 2017 தொடக்கத்திலிருந்து இந்தத் தொகை. ரயில்வேயின் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. ஆனால் போதையில் செய்த செயலால் நேர்ந்த சாவுக்கு இழப்பீடு இல்லை என்று 124-ஏ பிரிவு சொல்கிறது. பிரேதப் பரிசோதனையில் மது இருந்தது என்று வந்தால், ரயில்வே தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுதான். டிக்கெட் எடுத்து முறையாகப் பயணம் செய்தவரின் மனைவி அங்கே நின்று போராட வேண்டியிருக்கும்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் கூபே முழுசும் எங்களுது. கதவைச் சாத்திக்கிட்டா?

கதவு சாத்தினாலும் அது ரயில் பெட்டிதான். கல்யாணத்துக்கு மொத்தப் பெட்டியையும் பதிவு செய்தாலும் அப்படியே. சட்டத்தில் வகுப்புக்குத் தகுந்த சலுகை இல்லை.

"மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ்ல பார் இருக்கே" என்பார்கள். கோல்டன் சாரியட்டிலும் உண்டு. அவை தனிச் சுற்றுலா ரயில்கள், அங்கே ரயிலை நடத்துகிறவர்களே பரிமாறுகிறார்கள். நம் பக்கத்து உழவன், மன்னை எக்ஸ்பிரஸ் ரயில்களில் அது கதைக்கு ஆகாது.

நாங்க பொம்பளைங்க ரெண்டு பேரு. எதிர் சீட்டுல குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. என்ன செய்யறது?

முதலில், அவர்களோடு நேரடியாக வாக்குவாதம் வேண்டாம். போனை எடுத்து 139. இதுதான் ரயில்வேயின் ஒரே உதவி எண், முன்பிருந்த 182 இதோடு சேர்ந்துவிட்டது. ரயில் எண், பெட்டி எண், பெர்த் எண், அடுத்து வரும் ஸ்டேஷன், இந்த நான்கையும் சொல்லுங்கள். டிக்கெட்டின் பிஎன்ஆரைக் கையில் வைத்துக்கொண்டால் வேகமாக முடியும். பேசினால் அவர்கள் காதில் விழும் என்று பயமாக இருந்தால் ரயில்வேயின் 'ரயில் மதத்' (Rail Madad) புகார்ச் செயலியில் எழுதிப் போடலாம். அடுத்த பெரிய ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படையோ இருப்புப்பாதை போலீஸோ பெட்டிக்கு வருவார்கள்.

அதற்கிடையே டிடிஆரைத் தேடிப் போய் இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். "காலியா இல்லம்மா" என்று சொன்னாலும், குடும்பத்தோடு இருக்கும் யாரையாவது கேட்டு மாற்றித் தர அவரால் முடியும். நல்ல டிடிஆர்கள் செய்கிறார்கள். எழுத்தில் புகார் கொடுக்க நினைத்தால் ரயிலை விட்டு இறங்க வேண்டியதில்லை. புகார்ப் படிவம் டிடிஆரிடமும் கார்டிடமும் இருக்கும். ஓடும் ரயிலிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

கை வைக்கிறான், வழி மறிக்கிறான் என்றால் யோசிக்காமல் அபாயச் சங்கிலியை இழுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால்தான் குற்றம். இதைவிடத் தகுந்த காரணம் கிடையாது.

டிடிஆரே தண்ணி போட்டிருந்தா யார்கிட்ட சொல்றது?

அதே 139. பணியில் இருக்கும் ரயில்வே ஊழியர் போதையில் இருந்தால் 172-ஆவது பிரிவு பாயும். பயணிகளின் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய வேலை என்றால் தண்டனை இன்னும் கடுமை. லோகோ பைலட்டுகள் வண்டி எடுக்கும் முன் ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

காரைக்கால்ல வெல கம்மி. அங்கேயே ரயில் ஏறினா செக்போஸ்ட் கிடையாதுல்ல?

நண்டலாற்றிலும் வாஞ்சூரிலும் சாலையில் நிற்கும் சோதனைச் சாவடி ரயிலுக்கு இல்லை. ஆனால் காரைக்காலில் கிளம்பிய ரயில் திருமலைராயன்பட்டினம் தாண்டி நாகூர் வந்தாலே தமிழ்நாடு. புறப்பட்ட சற்று நேரத்தில் உங்கள் பை வேறு சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறது. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு போலீஸ் பாட்டிலின் அளவைப் பார்ப்பதற்கு முன் லேபிளைப் பார்க்கும். "புதுச்சேரியில் விற்பனைக்கு மட்டும்" என்று அதில் அச்சிட்டிருக்கும். மேலே சொன்ன 4.5 லிட்டர் கணக்கை இங்கே காட்டித் தப்பிக்க முடியாது. நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களில் காரைக்கால் சரக்கு பிடிபட்ட செய்தி ஓயாமல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வரி வித்தியாசத்தில் மிச்சமாகும் பணம் ஜாமீனுக்குக்கூடக் காணாது.

வேளாங்கண்ணி–வாஸ்கோ ரயில்ல கோவாலேர்ந்து வாங்கிட்டு வரலாமா? கடைக்காரன் பெர்மிட் தர்றான்.

அந்தச் சீட்டு கோவா அரசின் விதிப்படி. ரயில் கர்நாடகத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறது. காரைக்காலுக்குச் சொன்ன பதில்தான், தூரம் மட்டும் அதிகம்.

மன்னார்குடியிலேர்ந்து ஜோத்பூர் வண்டி. ரெண்டு ராத்திரி ஆவும். ஒரு ஆஃப் பாட்டில் வச்சுக்கலாமா?

கூடவே கூடாது. மன்னார்குடி–பகத் கி கோத்தி (ஜோத்பூரின் இன்னொரு ஸ்டேஷன்) வண்டி சூரத், அகமதாபாத் வழியாகப் போகிறது. குஜராத் 1960-இல் தனி மாநிலமான நாளிலிருந்தே மதுவிலக்கு மாநிலம். அங்கே பெர்மிட் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "நான் இங்கே இறங்கவில்லை, ராஜஸ்தான் போகிறேன்" என்பது பதிலாகாது. சூரத்தில் வேலை செய்யும் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மொழி தெரியாத ஊரில், போலீஸ் ஸ்டேஷனில், முதலாளி வந்து மீட்பாரா என்று காத்திருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

காசி, கயா போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கயா பீகாரில் இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் பீகாரில் முழு மதுவிலக்கு. வேறு மாநிலத்தில் குடித்துவிட்டு அங்கே போதையில் இறங்கினாலும் குற்றம்தான். பாமணி எக்ஸ்பிரஸில் திருப்பதி போகிறவர்கள், அலிபிரி சோதனையில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். திருமலையில் மதுவுக்கு இடமில்லை.

குலதெய்வம் கருப்பசாமிக்குப் படைக்கணும். சென்னையிலேர்ந்து ஒரு குவாட்டர் எடுத்துட்டு வர்றோம். சாமி காரியத்துக்கும் இப்படியா?

இதைக் கேட்பவர்கள் மனசு எனக்குப் புரியும். எங்கள் வீட்டிலும் முனீஸ்வரனுக்குச் சுருட்டும் பாட்டிலும் வைத்துப் படைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் படையலுக்கான பாட்டிலுக்கு ரயில்வேயில் தனி விதி இல்லை. இரண்டாம் கேள்விக்குச் சொன்னதுதான் இதற்கும். ஊரில் இறங்கி, பகல் 12 மணிக்குக் கடை திறந்ததும் உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள். பூ, மாலை, வாழையிலை எல்லாம் ஊரில்தானே வாங்கப் போகிறீர்கள்.

மாமா சிங்கப்பூர்லேர்ந்து திருச்சில இறங்குறார். டூட்டி ஃப்ரீ பாட்டிலோட கும்பகோணத்துக்கு ரயில்ல வரலாமா?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டு வரலாம். கொண்டு வந்தது அந்த அளவுக்குள் இருந்தால் சுங்கத்துறையில் சிக்கல் இல்லை. அங்கிருந்து ரயில் ஏறினால் மீண்டும் முதல் கேள்விக்கான பதிலுக்குத்தான் வந்து சேர்கிறோம். விமானத்தில் 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பாட்டில்களை, கடையில் வாங்கிய சீலோடு, செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் வைக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறது. ரயிலுக்கு அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே பாதி வேலை இருந்திருக்காது.

என் யோசனை: நாலைந்து பேர் வரவேற்கப் போகிறீர்கள் என்றால் எப்படியும் கார் எடுப்பீர்கள், அதில் வரட்டும். ரயில்தான் என்றால் டூட்டி ஃப்ரீ கவரைப் பிரிக்காமல், பில்லையும் பாஸ்போர்ட்டையும் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பதநீர் கொண்டு போலாமா? அது சரக்கு இல்லையே.

பதநீருக்குத் தடையில்லை. சிக்கல் வேறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால்தான் பதநீர், இல்லாவிட்டால் கள். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு போட்ட பதநீரும் வெயிலில் நெடுநேரம் தாங்காது. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் புளிக்க ஆரம்பித்தால் பாட்டில் உப்பும், மூடி தெறிக்கும், வாடை கள் வாடையாகவே இருக்கும். காலையில் இறக்கியதை அன்று காலையே ஊரிலேயே குடியுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டு போக ஆசையாக இருந்தால் கருப்பட்டி வாங்கிப் போகலாம்.

பொண்ணுக்குப் பிரசவம். தசமூலாரிஷ்டம் ரெண்டு பாட்டில் இருக்கு. அதுலயும் ஆல்கஹால்னு போட்டிருக்கே?

அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை. தானாக உண்டாகும் ஆல்கஹால் கொஞ்சம் இருக்கும், லேபிளிலும் எழுதியிருக்கும். அது மருந்து. கம்பெனி லேபிளோடு, சீட்டோடு எடுத்துப் போங்கள், பயமில்லை. வேறு பாட்டிலில் மாற்றி ஊற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

அப்பா தினமும் குடிக்கிறவர். ஒருவேளை தவறினா கை நடுங்கும். காசிக்கு ரெண்டு நாள் ரயில்ல எப்படிக் கூட்டிட்டுப் போறது?

இதைக் கேட்கிறவர்கள் பாட்டில் கொண்டு போக அனுமதி கேட்கவில்லை, அப்பாவின் உயிரைக் கேட்கிறார்கள். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கலாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆந்திராவைத் தாண்டி மத்தியப் பிரதேசத்துக்குள் ரயில் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாக அது இருக்கும்.

அதனால் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். குடியைப் பாதுகாப்பாகக் குறைக்க மருந்து இருக்கிறது. சில வாரம் முன்பே தொடங்கினால் பயணத்துக்குள் ஆள் தேறிவிட வாய்ப்புண்டு. அதுவரை பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். காசி எங்கும் போய்விடாது.

ஏற்கெனவே ரயிலில் இருக்கும்போது நடுக்கம் கூடினால், வலிப்பு வந்தால், 139-க்குப் போன் செய்து அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டர் வேண்டும் என்று சொல்லுங்கள். டிடிஆரிடமும் சொல்லுங்கள். "குடிப்பழக்கம் உண்டு, நிறுத்தி இத்தனை மணி நேரம் ஆகிறது" என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், டாக்டர் சரியான மருந்து கொடுக்க அந்த ஒரு தகவல் தேவை. வலிப்பின்போது வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல் பெர்த்தில் அவரை ஏற்றவே வேண்டாம். டிக்கெட் போடும்போதே சொன்னால் கீழ் பெர்த்துக்கு முயற்சி செய்து தருகிறேன்.